ஒரு சாண் தூரம்

தொலைபேசியின் வரலாற்றை நாம் தூரத்தின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். 1876 மார்ச் 10-இல் பாஸ்டன் நகரில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு. 1915 ஜனவரி 25-இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு. பிறகு கடலடிக் கேபிள், செயற்கைக்கோள். ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு நாயகர் உண்டு. இந்த வரிசையில் யாரும் சேர்க்காத இன்னொரு தூரம் இருக்கிறது. பேசுகிறவரின் வாய்க்கும் அவருடைய காதுக்கும் நடுவே உள்ள ஒரு சாண் அது. கண்டங்களைத் தாண்டிக் குரலை அனுப்பக் கற்றுக்கொண்ட பிறகுதான் தொலைபேசித் துறை இந்த ஒரு சாணைச் சரிசெய்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

நாம் பேசும்போது குரல் ஒலிவாங்கியில் மின்னோட்டமாக மாறி எதிர்முனைக்குப் போகிறது. போகிற வழியில் அதில் ஒரு பங்கு நம் காதில் இருக்கும் ரிசீவருக்குள்ளும் நுழைந்து நமக்கே கேட்கிறது. இதைத்தான் தொலைபேசிப் பொறியாளர்கள் சைடு டோன் என்கிறார்கள். அதைக் குறைப்பதற்காக வந்த சுற்றுகளைப் பற்றி மின்னணுப் பாடநூல்கள் ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகின்றன. என் பார்வையில் தொலைபேசி என்ற கருவி முழுமையடைந்தது அந்தச் சுற்றுகளில்தான். மனிதக் காதையும் மின்சுற்றின் ஓர் உறுப்பாக எண்ணி வடிவமைக்கப்பட்ட முதல் பெருவழக்குப் பொருள் அது.

கிரகாம் பெல் 1877-இல் சந்தைக்குக் கொண்டுவந்த கருவிகளில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே பகுதிதான். வாயருகே வைத்துப் பேசிவிட்டு, அதையே காதுக்கு மாற்றிக் கேட்க வேண்டும். அங்கே சைடு டோன் என்ற பிரச்சினையே எழவில்லை. ஆனால் அந்தக் கருவியில் குரல் மிக மெலிந்து போனது. காந்தத்தின் முன் அதிரும் இரும்புத் தகடு எழுப்புகிற மின்னோட்டம் அவ்வளவுதான். பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன் அந்தக் காலத்தில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தங்கியிருந்த விடுதியில் மற்றவர்களின் தூக்கம் கெடாமலிருக்கப் போர்வைகளைச் சுருட்டி ஒரு சுரங்கம் போலச் செய்து, அதற்குள் தலையை விட்டுப் பேசியதாக அவரே பின்னாளில் எழுதினார்.

இந்த மெலிவைப் போக்கியது கார்பன் ஒலிவாங்கி. எடிசன் 1877-இல் அதில் இறங்கினார். இங்கிலாந்தில் ஹென்றி ஹன்னிங்ஸ் என்ற பாதிரியார் 1878-இல் கரித்துகள்களை நிரப்பிய வடிவத்தைக் கொண்டுவந்தார். 1890-களில் அந்தோணி ஒயிட் வடிவமைத்த ஒலிவாங்கி அமெரிக்கா முழுவதும் பரவியது. இதன் அடிப்படை எளியது. குரலின் அழுத்தத்தில் கரித்துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்தடையை மாற்றுகின்றன. பேட்டரியிலிருந்து ஓடும் மின்னோட்டம் அந்த மாற்றத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் ஓடுகிறது. காற்றில் வந்த குரலின் ஆற்றலைவிடப் பல மடங்கு ஆற்றல் கம்பியில் கிடைக்கிறது. வெற்றிடக் குழாய் பிறப்பதற்கு முன்பே உலகுக்குக் கிடைத்த பெருக்கி இது.

தொல்லையும் இங்கேதான் தொடங்கியது. அன்றைய கருவியில் ஒலிவாங்கியும் பேட்டரியும் தூண்டுசுருளின் முதல் சுற்றில் இருந்தன. இரண்டாம் சுற்றோடு ரிசீவரும் வெளியே போகும் லைனும் தொடர் இணைப்பில் இருந்தன. அதாவது, ஊருக்கு வெளியே போக வேண்டிய மின்னோட்டம் முழுவதும் பேசுகிறவரின் ரிசீவர் வழியாகத்தான் போக வேண்டும். எதிர்முனையிலிருந்து வரும் குரல் பல மைல் கம்பியில் தேய்ந்து வருகிறது. சொந்தக் குரலோ பக்கத்திலேயே பிறந்து, தேயாமல், முழு வலுவோடு காதுக்குள் இறங்குகிறது. 1882-இல் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் எக்ஸ்சேஞ்சுகளைத் திறந்தபோது உலகெங்கும் நிலைமை இதுதான்.

தன் குரல் தனக்குப் பலமாகக் கேட்டால் என்ன கெட்டுப்போகிறது? முதலாவது, மனிதன் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். நாம் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்பதைத் தொண்டை தீர்மானிப்பதில்லை, காதுதான் தீர்மானிக்கிறது. எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். காதில் இரைச்சலைப் புகட்டினால் பேசுகிறவரின் குரல் தானாக உயர்கிறது, இரைச்சலை நிறுத்தினால் தானாகத் தணிகிறது. காது கேட்காதது போல நடிப்பவர்களைக் கண்டுபிடிக்கவும் இந்த வழி பயன்பட்டது. தொலைபேசியில் நடந்தது இதன் தலைகீழ். ரிசீவரில் சொந்தக் குரல் அதிர்வதைக் கேட்டவர், போதுமான அளவு உரக்கப் பேசிவிட்டோம் என்று எண்ணிக் குரலை இறக்கினார். எதிர்முனையில் இருந்தவருக்கு ஏற்கெனவே மெலிந்து வந்த குரல் இன்னும் மெலிந்தது.

இரண்டாவது கேடு இதைவிடப் பெரியது. ஒலிவாங்கி நம் குரலை மட்டும் வாங்குவதில்லை. கடைத்தெருவின் சந்தடி, தட்டச்சு இயந்திரங்களின் ஓசை, பக்கத்து மேசைப் பேச்சு எல்லாவற்றையும் கார்பன் பெருக்கிக் காதுக்குள் கொட்டுகிறது. நாம் வாயை மூடிக்கொண்டு மறுமுனையில் இருப்பவர் சொல்வதைக் கேட்க முயலும் நேரத்திலும் அது நிற்பதில்லை. ஒரு காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு மறுகாதை விரலால் அடைத்துக்கொள்வதை எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். சைடு டோன் மிகுந்த கருவியில் விரலால் அடைத்த காதைவிட ரிசீவர் வைத்த காதுதான் அறையின் இரைச்சலை அதிகம் வாங்கியது. ஒலிவாங்கியின் வாயைக் கையால் பொத்தினால் எதிர்முனை தெளிவாகக் கேட்கும் என்பதைப் பழைய காலத்துப் பயனாளிகள் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பொறியாளர்கள் கருவிக்குள் செய்திருக்க வேண்டிய வேலையை மக்கள் உள்ளங்கையால் செய்தார்கள்.

இதற்கான தீர்வு தொலைபேசியைவிட வயதில் மூத்தது. தந்திக்காரர்கள் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் இரு திசையிலும் செய்தி அனுப்ப விரும்பினார்கள். அதற்குத் தடையாக இருந்தது, தாம் அனுப்பும் மின்துடிப்பு தம் சொந்தப் பெறுகருவியையே தட்டிவிடுவது. 1853-இல் வியன்னாவில் வில்ஹெல்ம் கிண்ட்ல் இதை எதிர்கொண்டார். ஜெர்மனியில் ஃப்ரிஷனும் ஜீமன்ஸும் அடுத்த ஆண்டே அதைச் செம்மைப்படுத்தினார்கள். அனுப்பும் மின்னோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை உண்மையான லைனுக்கும் மறு பங்கை அந்த லைனைப் போலவே நடந்துகொள்ளும் செயற்கை லைனுக்கும் விட்டார்கள். இரண்டும் பெறுகருவியின் சுருள்களில் எதிரெதிராக இழுத்தன. தராசின் இரு தட்டிலும் ஒரே எடை வைத்தாற்போல முள் அசையவில்லை. வெளியூரிலிருந்து வரும் துடிப்புக்கோ எதிர் எடை கிடையாது. அதனால் அது முள்ளை அசைத்தது. பாஸ்டன்காரரான ஜோசப் ஸ்டெர்ன்ஸ் செயற்கை லைனில் மின்தேக்கிகளைச் சேர்த்த பிறகு, 1870-களின் தொடக்கத்தில், நீண்ட லைன்களிலும் இது வேலை செய்தது. பெல் தொலைபேசியைக் கண்டுபிடித்த அதே பாஸ்டன், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்.

அப்படியிருந்தும் இந்த அறிவு சாதாரணச் சந்தாதாரரின் வீட்டுக் கருவிக்குள் வந்துசேர இரண்டு தலைமுறை ஆனது. ஏன் என்ற கேள்விக்கு வரலாற்று நூல்கள் நேரடியான பதில் தருவதில்லை. எனக்குப் படுகிற காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, குரல் தந்தித் துடிப்பு அல்ல. தந்திக்கு ஒரு சில அதிர்வெண்களில் சமன் செய்தால் போதும். குரலுக்கு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் முதல் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரை சமன் இருக்க வேண்டும். கம்பியின் மின்னெதிர்ப்பு அந்த எல்லை முழுவதும் மாறிக்கொண்டே போகும். கேபிளின் இரண்டு கம்பிகளும் தமக்குள்ளேயே ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்வதால் அதிர்வெண் ஏற ஏற மின்னெதிர்ப்பு இறங்கும். எக்ஸ்சேஞ்சுக்கு எதிர்வீட்டில் இருப்பவரின் லைன் ஒரு மாதிரி, ஐந்து மைல் தள்ளி இருப்பவரின் லைன் வேறு மாதிரி. தந்தி நிலையத்தில் ஒரு பணியாளர் உட்கார்ந்து செயற்கை லைனைத் திருகித் திருகிச் சரிசெய்வார். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஓர் ஆளை உட்காரவைக்க முடியாது.

இன்னொன்று, சமன் செய்வதற்கு விலை உண்டு. பிரித்த மின்னோட்டத்தில் செயற்கை லைனுக்குப் போன பங்கு அங்கேயே வெப்பமாகி வீணாகிறது. இரண்டும் சமமாகப் பிரிந்தால் பாதி ஆற்றல் போய்விட்டது. இன்றைய கணக்கில் 3 டெசிபெல். ஒலிவாங்கியின் ஒவ்வொரு துளி ஆற்றலையும் எதிர்முனைக்குச் சேர்க்கப் போராடிய காலத்தில், பாதியைத் தெரிந்தே எரித்துவிடும் சுற்றை முன்மொழிய ஒரு பொறியாளருக்கு மனம் வருமா?

மூன்றாவதாகச் சொல்வதுதான் முதன்மையானது என்று நினைக்கிறேன். அளவுகோல்கள் எல்லாம் கம்பியைப் பற்றியவையாக இருந்தன. இவ்வளவு மைல் தரநிலைக் கேபிளுக்கு ஈடான இழப்பு என்றுதான் தொலைபேசி இணைப்பின் தரத்தைச் சொன்னார்கள். குரல் எவ்வளவு பலத்தோடு போய்ச் சேர்ந்தது என்பதே அளக்கப்பட்டது. பேசுகிறவர் குரலைத் தாழ்த்திக்கொண்டதும், கேட்கிறவரின் காதில் அவரது அறையின் இரைச்சலே நிரம்பியிருந்ததும் அந்த அளவுகோலில் தெரியவே தெரியாது.

மாற்றத்தின் கோட்பாட்டுப் பக்கத்தைத் தொடங்கியவர் ஏ.டி.அண்ட்.டி நிறுவனத்தின் கணித அறிஞர் ஜார்ஜ் கேம்பெல். நீண்ட லைன்களில் குரல் தேய்வதைக் குறைக்கும் சுமைச் சுருள்களின் கோட்பாட்டை 1899 வாக்கில் வகுத்தவர் அவர். அவரும் இளைஞரான ரொனால்ட் ஃபாஸ்டரும் சேர்ந்து 1920-இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொலைபேசிக் கருவியிலும் பெருக்கி நிலையங்களிலும் அதிகபட்ச ஆற்றலை வெளியே தரும் சுற்றுகள் எவை என்பது அதன் பொருள். அந்தக் கட்டுரையின் பெருமை, புதிதாக ஒரு சுற்றைக் கண்டுபிடித்ததில் இல்லை. இழப்பில்லாத, குறையில்லாத ஒரு மின்மாற்றியைக் கற்பனை செய்துகொண்டு, அதைக் கொண்டு கட்டக்கூடிய சுற்றுகளை எல்லாம் முறைப்படி வகைப்படுத்தி எடுத்தார்கள். கண்டுபிடிப்பாளர்கள் தனித்தனியாகத் தட்டுத்தடுமாறிக் காப்புரிமை எடுத்துக்கொண்டிருந்த ஒரு நிலப்பரப்புக்கு முழு வரைபடம் கிடைத்தது.

அவர்கள் எழுதிய ஆற்றல் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கருவியில் நான்கு பேர் இருக்கிறார்கள்: ஒலிவாங்கி, ரிசீவர், லைன், லைனைப் போல நடிக்கும் சமன் சுற்று. ஒலிவாங்கிக்கும் ரிசீவருக்கும் நடுவே எதுவும் கடக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டால், லைனுக்கும் சமன் சுற்றுக்கும் நடுவிலும் எதுவும் கடக்காது என்பது தானாக வந்துவிடுகிறது. பேசும்போது ஒலிவாங்கியின் ஆற்றலை லைனும் சமன் சுற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. கேட்கும்போது லைனில் வரும் ஆற்றலை ஒலிவாங்கியும் ரிசீவரும் அதே விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்த விகிதம் வடிவமைப்பாளரின் கையில் இருக்கிறது. பேச்சுக்குச் சாதகமாகத் தள்ளலாம், கேட்புக்குச் சாதகமாகத் தள்ளலாம், இரண்டுக்கும் ஒருசேர முழு ஆற்றலைத் தர முடியாது. சைடு டோனைக் கொல்வதற்கு என்ன விலை என்பது இதோடு தெளிவாகிவிட்டது. அந்த விலை தவிர்க்க முடியாதது என்பதும், அதற்கு மேல் ஒரு காசுகூடக் கொடுக்கத் தேவையில்லை என்பதும் நிரூபணமாகின. ஒரு துறை பக்குவமடைவது இப்படிப்பட்ட கட்டுரைகளால்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் கேம்பெல்லின் பெயரைப் பள்ளிப் புத்தகம் எதிலும் நான் பார்த்ததில்லை.

சமன் செய்யும் கலையில் கை பழகியது நெடுந்தூர லைன்களில். 1915-இன் கண்டம் கடந்த லைனில் வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் இரு திசையிலும் குரலைப் பெருக்க வேண்டியிருந்தது. ஒரு திசையில் பெருக்கிய குரல் மறுதிசைப் பெருக்கிக்குள் கசிந்தால் லைன் முழுவதும் ஊளையிடத் தொடங்கிவிடும். அங்கேயும் அதே மின்மாற்றி, அதே செயற்கை லைன். ஆனால் பெருக்கி நிலையங்கள் எண்ணிக்கையில் சில, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக் கருவிகளோ 1930 வாக்கில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 2 கோடி.

கடைசியில் வீட்டுக் கருவியை மாற்றியது ஹேண்ட்செட். அதுவரை அமெரிக்காவில் பெரும்பாலும் புழங்கியது மெழுகுவர்த்தித் தண்டு போல நிற்கும் கருவி. ஒலிவாங்கி தண்டின் உச்சியில் இருக்கும், ரிசீவர் தனியே கயிற்றில் தொங்கும். சொந்தக் குரல் காதைத் துளைத்தால் ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் வாயையும் காதையும் ஒரே கைப்பிடியில் சேர்த்த வடிவம் முன்பே வழக்கத்தில் இருந்தது. மக்கள் அதை விரும்பினார்கள். பெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் தயங்கினார்கள், தயக்கத்துக்குத் தக்க காரணமும் இருந்தது. கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே கரித்துகள்கள் இடம்மாறிக் குரல் கெட்டது. அதைவிட முக்கியமாக, ரிசீவரின் ஒலி காற்று வழியாகவும் கைப்பிடியின் உடல் வழியாகவும் ஒலிவாங்கிக்குத் திரும்பியது. கார்பன் அதைப் பெருக்கியது, சைடு டோன் பாதை அதை மீண்டும் ரிசீவருக்கு அனுப்பியது. சுற்றிச் சுற்றி வந்த ஒலி ஊளையாக முடிந்தது. தண்டுக் கருவியில் சைடு டோன் வெறும் தொல்லை, ஹேண்ட்செட்டில் கருவியையே பயனற்றதாக்கும் கோளாறு.

1927-இல் பெல் நிறுவனங்கள் ஹேண்ட்செட் கருவியை வெளியிட்டபோது ஊளையை அடக்க ஒலிவாங்கியிலும் கைப்பிடியிலும் பல திருத்தங்கள் செய்திருந்தார்கள். அதன் சுற்று மட்டும் பழைய வகைதான். 1930-ஐ ஒட்டித்தான் சைடு டோனைக் குறைக்கும் சுற்று கொண்ட வகை வந்தது. பிரிட்டனின் அஞ்சல் துறையும் இதே பாதையில் நடந்தது. 1929-இல் வந்த 162-ஆம் எண் தொலைபேசி, பேக்கலைட்டில் வார்த்த அழகிய கூம்பு வடிவம், பழைய சுற்றோடு வந்தது. 1934-இல் அதே உடலுக்குள் சைடு டோன் தடுப்புச் சுருளை வைத்து 232 என்று பெயரிட்டார்கள். அருங்காட்சியகங்களில் இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் பார்ப்பவர் ஒரே கருவி என்றே சொல்வார். கேட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டும் வெவ்வேறு யுகம். அமெரிக்காவில் 1937-இல் வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 302 வகைக் கருவி வந்தது. மணியும் தடுப்புச் சுருளும் மேசைக் கருவியின் உடலுக்குள்ளேயே அடங்கின. வடிவமைப்பு வரலாறு டிரைஃபஸைக் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியவர்தான். அந்த உடலுக்குள் இருந்த மூன்று சுற்றுச் சுருளையும் அந்த வரலாறு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சுருளின் வேலை இதுதான். ஒலிவாங்கியிலிருந்து வரும் குரல் மின்னோட்டம் ஒரு சந்தியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று லைனுக்கும் ஒன்று மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட சமன் சுற்றுக்கும் போகிறது. இரண்டு பங்கும் சுருளில் எதிர்த்திசைகளில் சுற்றிவருவதால் ரிசீவர் பக்கத்தில் அவை எழுப்பும் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. லைனிலிருந்து வரும் மின்னோட்டம் அதே சுருளில் ஒரே திசையில் சுற்றுவதால் கூடுகிறது. நகரும் பாகம் எதுவும் கிடையாது. தேய்வதற்கு எதுவும் கிடையாது. கொஞ்சம் செம்பு, கொஞ்சம் இரும்பு, ஒரு மின்தேக்கி.

இதே ஆண்டுகளில் அளவுகோலும் மாறியது. 1931-இல் பெல் நிறுவனத்தின் டபிள்யூ. எச். மார்ட்டின், தொலைபேசி இணைப்பை மதிப்பிடப் புதிய வழி ஒன்றை வெளியிட்டார். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது எத்தனை முறை ஒருவர் மற்றவரைத் திரும்பச் சொல்லும்படி கேட்கிறார் என்று எண்ணுவதுதான் அது. ‘என்ன? மறுபடி சொல்லுங்கள்’ என்ற கோரிக்கை குறைவாக வந்தால் இணைப்பு நல்லது. லைனின் இழப்பு, அறையின் இரைச்சல், சைடு டோன் எல்லாமே இந்த ஒரே எண்ணுக்குள் வந்து விழுந்தன. ஆய்வகத்தில் ஒலிபலம் குறைந்ததாகக் காட்டிய தடுப்புச் சுற்று, உண்மையான உரையாடலில் இலாபம் என்பதை இனி எண்ணில் காட்ட முடிந்தது. பாதி ஆற்றலை எரிக்கிற சுற்று எப்படி இலாபமாகும் என்ற பழைய கேள்விக்கு இதுவே விடை. பேசுகிறவர் குரலை உயர்த்தினார், கேட்கிறவரின் காது காலியாக இருந்தது. எரிந்த பாதியை மனிதர்களே ஈடுகட்டிவிட்டார்கள்.

இதற்குப் பிறகு வந்த அறிவுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. சைடு டோனை முழுமையாக ஒழித்துவிட்டால் கருவி செத்துப்போனது போல இருக்கும். காதை ரிசீவர் மூடியிருக்கும்போது சொந்தக் குரல் சிறிதுகூட அதில் வராவிட்டால், இணைப்பு அறுந்துவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது. பேசுகிறவர் கத்தத் தொடங்குகிறார். ஆகவே தேடவேண்டியது பூஜ்யம் அல்ல, ஓர் இதமான அளவு. லைன்கள் பலவிதம் என்பதால் முழுச் சமன் எப்படியும் கைகூடாது என்ற பொறியியல் குறையும், முழுச் சமன் வேண்டாம் என்ற மனிதத் தேவையும் ஒன்றுக்கொன்று பொருந்திவந்தன.

1949-50-இல் வந்த அமெரிக்காவின் 500 வகைக் கருவியில் இந்தப் புரிதல் கனிந்திருப்பதைப் பார்க்கலாம். அதன் ஒலிவாங்கியும் ரிசீவரும் முந்தியவற்றைவிட வெகுவாக மேம்பட்டவை. அவை மேம்பட்ட அளவுக்குச் சைடு டோனும் வளர்ந்துவிடும் என்பதால் சமன் சுற்றைப் பழையதைவிடத் துல்லியமாக்க வேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் இருக்கும் வீட்டுக்கு மின்னோட்டம் அதிகம் வரும், தொலைவில் இருக்கும் வீட்டுக்குக் குறைவாக வரும். மின்னோட்டத்துக்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் வரிஸ்டர்களைச் சுற்றில் சேர்த்தார்கள். கருவி தன் லைன் எவ்வளவு நீளம் என்பதை மின்னோட்டத்தைக் கொண்டே உணர்ந்து, ஒலிபலத்தையும் சமனையும் தானே திருத்திக்கொண்டது. தந்தி நிலையத்தில் செயற்கை லைனைத் திருகிக்கொண்டிருந்த பணியாளரின் வேலையை விரல்நுனி அளவுள்ள இரண்டு பொருள்கள் கோடிக்கணக்கான வீடுகளில் ஓசையின்றிச் செய்தன.

நம் நாட்டில் 1948-இல் பெங்களூரில் பிறந்த இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், லிவர்பூல் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டோடு தொடங்கியதால், பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் இந்த அனுபவம் முழுவதும் நமக்கு ஆயத்தமாகவே கிடைத்தது. டிரங்க் காலில் தெருவுக்கே கேட்கும்படி கத்திய தலைமுறையை நினைத்து இன்று பலர் சிரிக்கிறார்கள். சிரிக்க அதில் எதுவுமில்லை. எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும்போது, அவருக்கும் நாம் அப்படித்தான் கேட்போம் என்று காது கணக்குப் போட்டு, தொண்டையை உயர்த்தச் சொன்னது. அது இயல்பான, நியாயமான கணக்கு.

கருவிக்குள் அடங்கிய சைடு டோனின் உறவுக்காரன் ஒருவன் எக்ஸ்சேஞ்சில் காத்திருந்தான். வீட்டுக்கு வரும் லைன் இரண்டு கம்பி. நெடுந்தூரப் பாதை போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக நான்கு கம்பி. இரண்டும் சந்திக்கும் இடத்திலும் அதே வகை மின்மாற்றி, அதே சமன், அதே சமன்குறைவு. அங்கே கசியும் குரல் தாமதமாகத் திரும்பிவரும். சில மில்லி விநாடிக்குள் திரும்பினால் அது சைடு டோனோடு கலந்து கரைந்துவிடும். சில பத்து மில்லி விநாடி தாண்டினால் எதிரொலியாகப் பிரிந்து கேட்கும். 1965-இல் எர்லி பேர்ட் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனபோது, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கிய குரல் அரை விநாடிக்குப் பிறகு பேசியவரின் காதுக்கே திரும்பியது. தன் குரலைத் தாமதமாகக் கேட்கும் மனிதனுக்கு நாக்குத் தடுமாறும் என்பதை பெர்னார்ட் லீ 1950-லேயே காட்டியிருந்தார். பெல் ஆய்வகத்தில் கெல்லி, லோகன் ஆகியோரோடு இந்த எதிரொலியை ஒழிக்க உழைத்தவர் பஞ்சாபில் பிறந்த மன் மோகன் சோந்தி. லைன் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஓடும் உரையாடலிலிருந்தே கற்றுக்கொண்டு, எதிரொலியின் நகலைத் தயாரித்துக் கழித்துவிடும் முறையை அவர் 1967-இல் வெளியிட்டார். ஸ்டெர்ன்ஸின் செயற்கை லைன் தானே கற்கும் பொருளாக மாறியது அன்றுதான்.

கார்பன் ஒலிவாங்கி போய்விட்டது. தடுப்புச் சுருளும் போய்விட்டது. இன்றைய கைபேசியில் ஒலிவாங்கிக்கும் ரிசீவருக்கும் நடுவே தவிர்க்க முடியாத மின்பாதை எதுவும் இல்லை. சைடு டோன் தானாக வருவதில்லை, யாரோ ஒரு மென்பொருளாளர் ஓர் எண்ணை எழுதினால்தான் வருகிறது. 1880-களின் பொறியாளருக்கு அதைக் குறைப்பது கடினம். இன்றைய பொறியாளருக்கு அதைப் போட வேண்டும் என்று நினைவிருப்பதே கடினம். பேருந்திலும் மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் கைபேசியில் உரக்கப் பேசுகிறவர்களைப் பண்பில்லாதவர்கள் என்று கடிந்துகொள்கிறோம். காதுக்குள் அடைத்த இயர்போன் வெளியொலியையும் சொந்தக் குரலையும் மறைத்திருக்க, கருவி அதைத் திருப்பித் தராமல் இருந்தால், லொம்பார் சொன்னதுதான் அங்கே நடக்கிறது. நாள் முழுவதும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களோடு பேசும் கால் சென்டர் ஊழியர்களுக்கு இது மரியாதைப் பிரச்சினைகூட இல்லை. தொண்டையின் ஆரோக்கியத்தைப் பற்றிய பிரச்சினை.

அறிவு தொலைந்துபோய்விடவில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைகளில் சைடு டோனை அளக்கும் முறை உண்டு. செயற்கை வாயும் செயற்கைக் காதும் வைத்துச் சோதிக்கிறார்கள். பேச்சின் தரத்தைக் கணிக்கும் ஜி.107 என்ற பரிந்துரையில் சைடு டோன் தணிப்புக்கு இயல்பு மதிப்பாக 15 டெசிபெல் எழுதப்பட்டிருக்கிறது. கைபேசியின் பெட்டியில் கேமராவின் மெகாபிக்சலும் பேட்டரியின் கொள்ளளவும் பெரிய எழுத்தில் அச்சாகின்றன. பேசுவதற்கென்றே பிறந்த கருவியில் இந்த ஓர் எண்ணை வாங்குகிறவர் எங்கேயும் பார்க்க முடிவதில்லை. சில ஹெட்செட்டுகளில் அதைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. பெரும்பாலான கைபேசிகளில் இல்லை. செவித்திறன் குறைந்தவருக்கு ஓர் அளவு பொருந்தும், இரைச்சலான பட்டறையில் வேலை செய்பவருக்கு வேறோர் அளவு பொருந்தும். அந்த எண்ணைப் பெட்டியில் அச்சிடவும், அதை மாற்றும் வசதியை ஒலிபலப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைக்கவும் உற்பத்தியாளர்களை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்க வேண்டும். கால் சென்டர் நடத்தும் நிறுவனங்கள் ஹெட்செட் வாங்கும்போது விலைக்கு முன்பு இதை விசாரிக்க வேண்டும். செலவு மிகக் குறைவு. தேவைப்படுவது மென்பொருளில் ஒரு வரியும் அதற்கு ஒரு திருகும்தான்.